ஸ்லாக் வகுப்பும் தன்னார்வலர்களும்

2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது கேரளத்தில் உதவி கேட்போரையும் செய்வோரையும் இணைக்க 'கேரளா ரெஸ்க்யூ' என்ற இணையதளம் உருவானது. மாநில ஐ.டி. மிஷன், பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் கேரளப் பிரிவு ஆகியவற்றுடன் ஏராளமான தன்னார்வலர்களும் கைகோத்தார்கள். நிரல் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் இருந்தது; நிரலாளர்களின் பேச்சு ஸ்லாக் என்ற குழு உரையாடல் செயலியில் நடந்தது.

இத்தகைய முன்மாதிரிகளைப் பார்த்து, ரத்ததானம், ஏரிச் சீரமைப்பு என இயங்கும் குழுக்களுக்கும் வாட்ஸ்அப்பை விட்டு ஸ்லாக்குக்கு மாற ஆசை வருகிறது. மாறியதும் ஒரு பயிற்சி வகுப்பு: சேனல், த்ரெட், நோட்டிஃபிகேஷன் எல்லாம் ஒரே மூச்சில்.

வகுப்பு சொல்லும் பயன்கள் பொய்யல்ல. நிதிக்கு ஒரு சேனல், களப்பணிக்கு ஒரு சேனல் என்று பிரித்துவிட்டால், காலை வணக்கப் படங்களுக்கு நடுவே முகவரியைத் தேட வேண்டியதில்லை. நேற்றுச் சேர்ந்தவரும் பொதுச் சேனலின் பழைய பேச்சைப் படித்து வேலைக்குள் நுழையலாம்.

சிக்கல் வேறிடத்தில். கேரளத்தில் ஸ்லாக்குக்கு வந்த நிரலாளர்களுக்கு அத்தகைய கருவிகள் அன்றாடப் பழக்கம். ஏரிக்கரைக்கு மண்வெட்டியோடு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அப்படி இல்லை. வாட்ஸ்அப்பைத் தமிழிலேயே இயக்கலாம். ஸ்லாக்கின் மெனுக்களில் தமிழ் கிடையாது. அலுவலக ஊழியர் பிடிக்காவிட்டாலும் அதைத் திறந்துதான் ஆக வேண்டும். தன்னார்வலர் பேசாமல் ஒதுங்கிவிடுவார்.

வகுப்பில் பலர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. 2022 செப்டம்பர் முதல் ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் செய்திகளே தெரியும். மழைக்காலத்துக்கு மழைக்காலம் கூடும் குழுவுக்குச் சென்ற ஆண்டின் அனுபவம் கண்ணில் படாது. தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்குச் சலுகை உண்டு. பதிவே செய்யாத நண்பர் குழுவுக்கு அது எட்டாது.

இவ்வளவும் தெரிந்தே மாறுவதானால், ஒரே மூச்சில் வகுப்பு எடுப்பதைவிட வேலை வழியாகக் கற்பிப்பதே மேல். "சனிக்கிழமை வருகிறவர்கள் கைதூக்கும் இமோஜி போடுங்கள்" என்று சேனலில் கேட்டாலே முதல் பாடம் முடிந்தது. தடுமாறுபவருக்குப் பக்கத்தில் அமர்ந்து காட்ட ஒருவர் போதும். ஆனால் அதே அறிவிப்பு வாட்ஸ்அப்பிலும் வந்துகொண்டிருந்தால் ஸ்லாக்கை யாரும் திறக்க மாட்டார்கள். சட்டென்று நிறுத்தினாலோ களத்தை நன்கறிந்த மூத்தவர்கள் விடுபடுவார்கள். சில வாரங்களுக்காவது அவர்களுக்குத் தொலைபேசியில் சொல்ல ஆள் வேண்டும்.

அந்த உழைப்பு எல்லாக் குழுவுக்கும் கட்டுப்படியாகாது. பல பணிகள் ஒரே நேரத்தில் ஓடும் குழு மாறலாம். வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடிக் கலைகிற இருபது பேருக்கு வாட்ஸ்அப்பே தாராளம்.