குரு என்றால் இருளா, பாரமா?

மதுரைக்குக் கிழக்கே, வயலும் கண்மாயும் சூழ்ந்த சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியனாக இருப்பவன் நான். ஐக்கிய நாடுகள் அவை 2014 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 2015 முதல் ஜூன் 21 உலக யோகா நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் எங்கள் மாணவர்களுக்குப் பயிற்சி தரப் பெரியவர் ஒருவர் வந்தார். நன்றாகவே பயிற்சி தந்தார். குறை பயிற்சியில் இல்லை, விளக்கத்தில் இருந்தது.

“‘கு’ என்றால் இருள், ‘ரு’ என்றால் அகற்றுபவர். இருளை அகற்றுபவரே குரு. அவரிடம் ஐயம் எழுப்புவது மீண்டும் இருளை நாடுவதாகும்” என்றார் அவர். அப்போது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, ஹலாசனம் என்றால் என்ன பொருள்?” என்று கேட்டுவிட்டான். “அவை மந்திரம் போன்ற சொற்கள். தமிழில் சொன்னால் ஆற்றல் போய்விடும். சொன்னதைச் செய்” என்பதே விடை. சிறுவன் தலை கவிழ்ந்து அமர்ந்தான்.

தோழர்களே! அந்தச் சிறுவனின் தந்தை ஏர் பிடித்து உழுதவர். அவன் வீட்டுத் திண்ணையோரம் இன்றும் பழைய கலப்பை ஒன்று சாய்ந்து கிடக்கிறது. ‘ஹலம்’ என்றால் கலப்பை. ஹலாசனம் என்றால் கலப்பை இருக்கை. அவ்வளவுதான்! தன் வீட்டுக் கலப்பையையே தனக்கு விளங்காத மறைபொருள் என்று அந்தப் பிள்ளை நம்பிவிட்டான். அதைவிட வெட்கம் வேறொன்று: அவனுக்கு எடுத்துச் சொல்ல அன்று எனக்கும் தெரியவில்லை. பட்டம் பெற்ற நானும் வாய்மூடி நின்றேன். மாலையில் அகராதியைப் புரட்டிய பிறகே உண்மை தெரிந்தது.

அன்று தொடங்கிய தேடலில், யோகச் சொற்களுக்கு விளக்கம் தரும் சிறு கையேடுகள் பலவற்றைப் படித்தேன். அவற்றில் பெரும்பாலானவை ஒரே பிழையை ஒரே பெருமிதத்தோடு செய்கின்றன. சொல்லுக்குப் பொருள் சொல்வதாகப் புறப்பட்டு, சொல்லுக்கு மாலை சூட்டிவிட்டுத் திரும்புகின்றன.

‘குரு’வையே எடுத்துக்கொள்வோம். வடமொழியில் அச்சொல்லின் நேர்ப்பொருள் ‘கனமானது, பாரமானது’ என்பதாகும். செய்யுளிலக்கணத்தில் எடை குறைந்த அசை லகு, எடை மிகுந்த அசை குரு. இலத்தீன் மொழியின் ‘கிராவிஸ்’ என்பது இதற்கு உறவான சொல். அதற்கும் கனம் என்பதே பொருள். மதிப்பால் கனத்தவர் என்பதனாலேயே ஆசானுக்கு அப்பெயர் வந்தது. இருள், அகற்றல் என்பதெல்லாம் பிற்கால நூல்கள் எழுத்தைப் பிரித்து ஆடிய சொல் விளையாட்டு. விளையாட்டு இருந்துவிட்டுப் போகட்டும். அதைக் காட்டி மாணவன் வாயை அடைப்பதுதான் கொடுமை.

‘ஹட யோகம்’ என்பதும் இப்படித்தான். ‘ஹ’ ஞாயிறு, ‘ட’ திங்கள் என்று கையேடுகள் விரித்துரைக்கின்றன. அகராதியோ ‘வலிந்து செய்தல்’ என்று சுருக்கமாக முடிக்கிறது.

‘யோகம்’ என்றால் சீவன் பரத்தோடு ஒன்றுவது என்கிறார்கள். ‘யுஜ்’ என்னும் வேருக்குப் பூட்டுதல், பிணைத்தல் என்பது பொருள். மாட்டின் கழுத்தில் நுகத்தடி பூட்டுகிறோமே, அந்தப் பூட்டுதல்! ஆங்கிலத்தில் நுகத்தடியைக் குறிக்கும் ‘யோக்’ இதற்கு உறவே. மனத்தை ஒருமுகப்படுத்துதல் என்ற பொருளையும் வடமொழி இலக்கணிகள் தனியே குறித்தனர். பதஞ்சலி தம் நூலின் தொடக்கத்தில் யோகத்துக்குக் கூறும் இலக்கணம், மனத்தின் அலைவை அடக்குதல் என்பதே. அந்நூலின் இறுதி இலக்கு ‘கைவல்யம்’. அதாவது தனித்து நிற்றல். ஒன்றுதல் எங்கே, தனித்தல் எங்கே! போற்றிப் பாடுவோர் தாம் போற்றும் நூலையாவது படித்திருக்க வேண்டாமா?

மற்றவை இன்னும் எளியவை. ஆசனம் – இருக்கை. பூரகம் – நிரப்புதல். ரேசகம் – வெளியேற்றுதல். கும்பகம் – குடம்போல் நிறைத்து வைத்தல். சவாசனம் – பிணம்போல் கிடத்தல். கிணற்றில் குதித்து முங்குநீச்சல் போடும் நம் ஊர்ச் சிறுவனுக்கு மூச்சடக்கம் புதிதன்று. சடுகுடு ஆடுபவன் ஒரே மூச்சில் பாடிக்கொண்டே எதிரணிக்குள் புகுந்து மீள்கிறான். அவர்களிடம் “மூச்சை இழு, நிறுத்து, விடு” என்றால் போதாதா? ‘கும்பகம்’ என்று சொன்னால்தான் நுரையீரல் கேட்குமா?

இந்த இடத்தில் நம்மவர் சிலரையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. ‘ஓகம்’ என்ற தமிழ்ச் சொல்லைத் திருடியே ‘யோகம்’ ஆக்கினர் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. கைதட்டல் கிடைக்கிறது; சான்று கிடைக்கவில்லை. ‘கு’வையும் ‘ரு’வையும் பிரித்தவருக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? அவர் ஆரவாரம் வடக்கு நோக்கியது. இவர் ஆரவாரம் தெற்கு நோக்கியது. பகுத்தறிவு எந்தத் திசைக்கும் சலுகை தராது.

கடன் வாங்கிய சொல்லைக் கண்டு தமிழ் அஞ்சியதில்லை. வடசொல்லை வடவெழுத்து நீக்கித் தமிழ் ஒலிக்கேற்ப ஆளத் தொல்காப்பியம் விதி வகுத்தது. திருமூலர் தம் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தின் எட்டு உறுப்புகளையும் தமிழ்ப் பாட்டில் விளக்கினார். வேதாசலம் என்ற பெயரை மறைமலை என மாற்றிக்கொண்ட அடிகள் ‘யோக நித்திரை’ பற்றி நூல் எழுதியபோது ‘அறிதுயில்’ என்ற அழகிய தமிழ்ச் சொல்லை அதற்கு ஈடாக வைத்தார். இவர்கள் சொன்னதால் பொருளின் ஆற்றல் குன்றிவிட்டதா?

மதுரையின் மலைகளையே பாருங்கள். மாங்குளத்துக் குகையில் சமண முனிவர்க்காகக் கற்படுக்கைகள் வெட்டப்பட்டன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவில், நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கிய கல்வெட்டு அங்கே பொறிக்கப்பட்டது. அதன் எழுத்து தமிழ்ப் பிராமி, மொழி தமிழ். அதில் ‘தம்மம்’ என்ற பிராகிருதச் சொல்லும் ‘பள்ளி’ என்ற தமிழ்ச் சொல்லும் அருகருகே நிற்கின்றன. துறவியர் உறைவிடத்தைக் குறித்த அந்தப் ‘பள்ளி’தான் இன்று நம் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்குப் பெயர். தவம் செய்தோருக்கே மக்கள் மொழி தீட்டாகவில்லை. உடற்பயிற்சி கற்பிக்க வருவோருக்குத் தீட்டாகலாமா?

உடலைப் பேணும் பயிற்சியை நாம் எதிர்க்கவில்லை. வரட்டும், வளரட்டும். ஆனால் பயிற்சியோடு அச்சம் வரக்கூடாது. ஆகவே இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊர்ப் பள்ளியில் யோகப் பயிற்சி நடந்தால், சொல்லையும் அதன் நேர்ப்பொருளையும் தமிழில் எழுதிய தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள். சான்றில்லாத பெருமையை அதில் சேர்க்காதீர்கள்.

மறுநாள் நான் அதைத்தான் செய்தேன். முதல் வரியில் ‘ஹலாசனம் – கலப்பை இருக்கை’ என்று எழுதினேன். அந்தச் சிறுவன் அதைப் படித்துவிட்டு, “இதுதானா ஐயா?” என்று சிரித்தான். பிறகு அடுத்த சொல்லுக்குப் பொருள் கேட்டான்.