இரட்டையர் பிரிந்த பின்: மெல்லிசை மன்னர்களின் தனிவழிகள்

பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை செல்லும் வழியிலுள்ள எலப்புள்ளியில் 1928-ஆம் ஆண்டு பிறந்த விசுவநாதன், மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். கணவாய் கடந்து கிழக்கே சென்று தமிழரின் செவிகளை ஆண்டவர். நம் முன்னோரோ அதே கணவாய் வழியாகவும், போடி, கம்பம் மலைப்பாதைகள் வழியாகவும் மேற்கே வந்து தேயிலைக்கும் ஏலத்துக்கும் உழைத்தவர்கள். ஆதலின் நம் சங்க மேடைகளில் அவரைப் பற்றிய பேச்சு எழுந்தால், 'நம்மவர்' என்னும் உரிமை தலைதூக்குவது இயல்பே. அவ்வுரிமையை நாமும் விட்டுக்கொடுப்பதற்கில்லை. ஆயினும் அப்பெருமிதம், 1965-இல் நிகழ்ந்த ஒரு பிரிவினையைப் பற்றி நம்மை ஒருதலைத் தீர்ப்புக்கு இழுத்துச் செல்கின்றது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

'ஆயிரத்தில் ஒருவன்' வெளிவந்த அவ்வாண்டில் விசுவநாதனும் ராமமூர்த்தியும் பிரிந்தனர். அதன்பின் விசுவநாதன் தனித்து இசையமைத்த படங்கள் நூற்றுக்கணக்கின; ராமமூர்த்தியின் தனிப்படங்களோ இருபதுக்கும் குறைவு. இந்தக் கணக்கைக் காட்டி, "இசை முழுவதும் ஒருவருடையதே, மற்றவர் உடனிருந்தவர்" என்று முடித்துவிடுவோர் பலர். இதற்கு எதிரணியும் உண்டு. "சாஸ்திரீய நுட்பம் அனைத்தும் ராமமூர்த்தியுடன் வெளியேறிவிட்டது, எஞ்சியது வெறும் மெட்டு" என்பது அவர்கள் வாதம். இரு சாராரும் கழித்தல் கணக்கையே போடுகின்றனர். கூட்டுப் பாடல்களில் எவர் பங்கு எது என்பதை, தனிப்பாடல்களைக் கொண்டு பிரித்தெடுத்துவிடலாம் என்று நம்புகின்றனர். அக்கணக்கு சரிவராது என்பதே நம் கருத்து.

இருவரும் சி. ஆர். சுப்பராமனின் குழுவில் வளர்ந்தவர்கள். ராமமூர்த்தி 1922-இல் திருச்சிராப்பள்ளியில், வயலினையே குலச்சொத்தாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். விசுவநாதனோ தந்தையை இளமையிலேயே இழந்து, கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் பாட்டுக் கற்று, ஆர்மோனியத்தைத் துணையாகக் கொண்டு ஸ்டூடியோ வாயில்களில் நின்றவர். 1952-இல் சுப்பராமன் மறைந்ததும் அவர் விட்டுச்சென்ற பணிகளை இருவரும் முடித்துக் கொடுத்தனர். அவ்வாண்டே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் 'பணம்' படத்தின் வழியே இரட்டைப் பெயர் பிறந்தது. ஆறு வயது மூத்தவரின் பெயர் பின்னால் நின்றது. இளையவர் தடுமாறினால் பின்னிருந்து தாங்குவார் மூத்தவர் என்று கலைவாணரே இதற்கு விளக்கம் சொன்னதாகக் கூறுவர். 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'கர்ணன்', 'புதிய பறவை' என்று அந்தப் பதின்மூன்று ஆண்டுகளின் விளைச்சலை நம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. இலங்கை வானொலி ஒலித்த ஒவ்வொரு லயத்திலும் அவ்விரு பெயர்களும் ஒரே மூச்சில் ஒரு பெயராகவே கேட்டன. 1963-இல் சென்னையில் அவர்களுக்கு அளிக்கப்பெற்ற பட்டமும் 'மெல்லிசை மன்னர்கள்' என்பதே. 'பாகப்பிரிவினை' என்றொரு படத்துக்கும் 1959-இல் அவர்களே இசையமைத்திருந்தனர். தங்கள் சொந்தப் பாகப்பிரிவினையில் பட்டத்தை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டனர். 'கள்' விகுதி மட்டும் எவர் பங்கிலும் சேரவில்லை.

இனித் தனிவழிகளைக் காண்போம். சாஸ்திரீயம் ராமமூர்த்தியோடு போயிற்று என்போர் 'அபூர்வ ராகங்க'ளை (1975) என் செய்வர்? நான்கே சுரங்களாலான மகதி என்னும் அரிய ராகத்தை எடுத்து, யேசுதாஸின் குரலில், வீதியில் போகிறவரும் முணுமுணுக்கும் பாடலாக்கியவர் விசுவநாதன். சுரம் குறைந்த ராகத்தில் அலுப்புத் தட்டாமல் ஒரு முழுப் பாடலை நடத்துவது, அடித்தளம் இல்லாதவரால் ஆகிற காரியமன்று. வாத்தியக் கட்டமைப்பு ராமமூர்த்தியின் தனிச்சொத்து என்போர் 'சிவந்த மண்'ணை (1969) மீண்டும் கேட்க வேண்டும். எல். ஆர். ஈசுவரியின் குரலும் சாட்டையின் ஓசையும் பெருங்குழுவின் முழக்கமும் ஒன்றையொன்று துரத்தும் அப்பாடல், பிரிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்தது.

மறுபுறம், ராமமூர்த்தியை வெறும் வித்துவானாகக் காண்போர் 'நான்' (1967) படத்தை மறந்துவிட்டனர். அதில் அதே ஈசுவரியின் குரலில் சாமியாட்டத்தின் வெறியோடு எழும் 'அம்மனோ சாமியோ' பாடலில் கச்சேரி மேடையின் வாசனை துளியும் இல்லை. கிராமத்துத் திருவிழாவின் புழுதியே உண்டு. 'மறக்க முடியுமா' (1966) படத்துக்காகக் கலைஞர் மு. கருணாநிதி எழுதிய 'காகித ஓடம்' பாடலிலோ அவர் வாத்தியங்களை ஒதுங்கி நிற்கச் செய்து சுசீலாவின் குரலைத் தனியே தவிக்க விடுகிறார். அப்பாடலை அடக்கத்தின் இலக்கணம் என்றே சொல்வோம். மெட்டுப் போடத் தெரியாதவர் என்று இவரைச் சொல்ல எவர்க்கும் நாவெழாது. ஆக, தனித்து நின்றபோது மெட்டுக்காரர் ராகத்திலும், ராகக்காரர் மெட்டிலும் வென்றிருக்கின்றனர். அவ்வாறாயின் நாம் போட்ட கோடு எங்கே?

அப்படியிருந்தும் ஒருவர்க்கு நூற்றுக்கணக்கும் மற்றவர்க்கு இருபதுக்குள்ளுமாய்ப் போனது ஏன்? இதற்கு விடை, திறமையினும் தொழிலின் நடைமுறையிலேயே பெரிதும் உள்ளது என்று கருதுகின்றோம். அந்நாளில் படப்பாட்டு பிறந்த இடம், இயக்குநரும் கவிஞரும் இசையமைப்பாளரும் சுற்றி அமரும் அறை. அங்கே ஆர்மோனியத்தில் விரல் வைத்த கணமே ஒன்றுக்குப் பத்தாக மெட்டுகளைப் பாடிக் காட்டுவோர்க்கே வெற்றி. விசுவநாதனுக்கு அது பிறவிக் கொடை. கண்ணதாசனோடு அவர் நடத்திய அவ்வமர்வுகள் இன்றும் கதைகளாக உலவுகின்றன. வயலினைத் தோளில் சாய்த்திருப்பவர், தம் எண்ணத்தை அறையில் உள்ளோர்க்கு உடனே பாடி விளங்கவைப்பது எளிதன்று. அவர் கைவண்ணம் ஒலிப்பதிவு நாளன்றே புலப்படும். முதலீடு செய்பவர் அந்நாள்வரை காத்திருப்பதில்லை.

குரலையும் மறத்தலாகாது. விசுவநாதன் தாமே பாடினார். தாய்மொழியிலும் 'பணிதீராத வீடு' (1973) படத்தில் தம் இசைக்குத் தாமே குரல் கொடுத்து மலையாளிகளைக் கலங்க வைத்தார். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் 1970-இல் பிரிந்தபோதும் நால்வரையும் உலகம் குரலால் தனித்தனியே அடையாளம் கண்டது. இந்தியில் சங்கர்-ஜெய்கிஷன் இணையில் ஜெய்கிஷன் 1971-இல் மறைந்த பின்னும் சங்கர் இரட்டைப் பெயரையே தாங்கி இசையமைத்தார். ராமமூர்த்திக்கோ தனிக்குரலும் இல்லை. கூட்டுப் பெயரின் நிழலும் இல்லை. நாற்பது வயலின்களுக்கிடையே ஒரு வயலினை எந்த ரசிகன் பெயர் சொல்லி அழைப்பான்?

விசுவநாதனும் தனித்தே நின்றார் என்று எண்ணிவிடலாகாது. கோவர்த்தனம், ஜோசப் கிருஷ்ணா, ஹென்றி டேனியல் ஆகியோர் அவருக்கு உதவியாக அமைந்தனர். ஆயினும் எழுபதுகளின் நடுவில், படங்கள் மலைபோல் குவிந்த காலத்தில், பல்லவி மயக்கி, இடையிசை வெறுமே இடம் நிரப்பிச் செல்லும் பாடல்களையும் அவரிடம் கேட்கிறோம். 'நில், இதை மீண்டும் பார்' என்று சொல்ல ஒரு மூத்தவர் பக்கத்தில் இல்லாத குறை அது. எலப்புள்ளிக்காரர் என்பதற்காக இதனைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ராமமூர்த்தியின் படங்களில் குறை வேறு வகையினது. நுட்பமான இழைப்பு இருக்கும். அதைத் தூக்கிச் செல்லும் கவிஞரோ நட்சத்திரமோ பல வேளைகளில் இருப்பதில்லை.

இங்கே ஒன்றைக் குறிப்பிடத் தோன்றுகிறது. நம் சங்கக் கூட்டங்கள் யாவும் தமிழ்த்தாய் வாழ்த்துடனேயே தொடங்குகின்றன. 1970-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற அவ்வாழ்த்துக்கு மோகன ராகத்தில் இசையமைத்தவர் விசுவநாதன். சொற்களை யாத்தவர் ஆலப்புழையில் பிறந்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை. மலைக்கு மேற்கே பிறந்த இருவர் தந்ததைத்தான் நாம் எழுந்து நின்று பாடுகின்றோம். பெருமை கொள்ள நமக்கு இது போதும். அதற்காகத் திருச்சிக்காரரைத் தாழ்த்த வேண்டுவதில்லை.

முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1995-இல், 'எங்கிருந்தோ வந்தான்' படத்தில் இருவரும் மீண்டும் இணைந்தனர். மலையாளத்துச் 'சித்ரம்' (1988) படத்தின் தமிழாக்கம் அது. இளையராஜாவின் காலம் கனிந்து, 'ரோஜா'வும் (1992) வந்து செவிகள் மாறிவிட்டிருந்தன. பாடல்களில் பழைய ஒழுங்கு இருந்தது. பழைய பசி இல்லை. 2012-இல் தமிழ்நாட்டரசு இருவர்க்கும் ஒரே மேடையில் 'திரையிசைச் சக்கரவர்த்தி' என்னும் பட்டமளித்தது. மறு ஆண்டு ஏப்ரலில் ராமமூர்த்தியும், 2015 சூலையில் விசுவநாதனும் மறைந்தனர். இரு முறையும் இரங்கலுரைகள் நிகழ்ந்தன. ராமமூர்த்திக்கான உரைகளில் விசுவநாதனின் பெயர் தவறாமல் இடம்பெற்றது. விசுவநாதனுக்காக நம் பக்கத்து மேடைகளில் பேசியவர்களுள், நம்மையும் சேர்த்தே சொல்கிறோம், ராமமூர்த்தியின் பெயரைச் சொன்னவர்கள் சிலரே.