கண்ணீரை ஒளிக்காத குரல்

அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓகானர், 1992 அக்டோபர் 3 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரின் படத்தைக் கிழித்தார். அச்செயலை நாம் ஏற்பதற்கில்லை. இன்றும் அது நம்மை உறுத்துகிறது. ஆயினும், அதைக் கொண்டே அவர்தம் கலையை அளந்துவிடுவது நீதியாகாது.

பிரின்ஸ் இயற்றிய பிரிவுப் பாடலொன்று 1990-இல் அவரை உலகறியச் செய்தது. அதன் வீடியோப் படத்தில் பெரும்பாலும் அவர் முகமே நிறைந்திருக்கும். பாட்டின் இறுதிப் பகுதியில் கண்ணீர் வழிகிறது. 1985-இல் விபத்தில் மாண்ட தாயை எண்ணி வந்த கண்ணீர் அது என்று அவரே கூறியுள்ளார். அத்தாயோ மகளைக் கொடுமையாக அடித்தவர்! அடித்த கைக்காகவும் ஏங்கும் பிள்ளை மனத்தை அக்குரல் ஒளிக்கவில்லை. மென்மையாய்த் தொடங்கி, திடீரென வீறிட்டு, மீண்டும் முணுமுணுப்பாய்த் தாழ்கிறது. திருப்பாடல்களின் புலம்பலைப் பாடிப் பழகிய நமக்கு இது அந்நியமாகுமா?

கிழிபட்ட படம் அத்தாயின் படுக்கையறைச் சுவரில் இருந்தது. சிறார்மீதான கொடுமை மறைக்கப்பட்டதையே அவர் அன்று சுட்டினார். 2009-இல் அயர்லாந்தின் விசாரணை அறிக்கைகள் வெளிவந்தன. 2010-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அந்நாட்டு இறைமக்களுக்கு வருத்தம் தெரிவித்து மடல் வரைந்தார். ஓகானர் 2018-இல் இஸ்லாத்தைத் தழுவி, 2023 ஜூலையில் மறைந்தார்.

படம் கிழித்த பதின்மூன்றாம் நாள், நியூயார்க் அரங்கில் கூட்டம் கூச்சலிட்டது. இசைக்குழுவை நிறுத்தச் செய்து, வாத்தியத் துணையின்றிப் பாடினார், பாடிவிட்டு அழுதார்.