தறப்பாளும் 7 கிலோவும்

ஓகஸ்ட் பிறந்ததும் மன்னாரின் பேசாலையிலும் வங்காலையிலும் தாழ்வுபாட்டிலும் வீட்டு முற்றங்களில் தறப்பாள் விரியும். ஓட்டை பார்த்து ஒட்டுவார்கள், நைந்த கயிற்றை மாற்றுவார்கள். வலையிலும் வள்ளத்திலும் பழகிய கைகளுக்கு முடிச்சுப் போடுவது ஒரு வேலையே அல்ல. பிறகு உழவு இயந்திரப் பெட்டியிலோ பட்டா வாகனத்திலோ பாய், தலையணை, பானை சட்டி, அரிசி மூட்டை, தேங்காய் திருவலை, தண்ணீர்க் கான், அம்மம்மாவின் கதிரை என்று ஒரு வீடே ஏறும். மருதமடு அன்னையின் ஆவணித் திருவிழா 15ஆம் திகதி. அதற்கு முந்திய நவநாள்களையும் சேர்த்துக் காட்டில் குடியிருக்கப் போகிற வீடு அது.

மருதமடுவை, சுருக்கமாக மடுவை, எல்லோரும் வேளாங்கண்ணியோடு ஒப்பிடுவார்கள். இரண்டும் மாதா கோயில்கள், இரண்டுக்கும் மதம் பாராமல் சனம் போகும் என்பது வரை அந்த ஒப்பீடு சரி. ஆனால் எங்கே படுப்பது, எதைக் கொண்டுபோவது, எப்படிச் சமைப்பது என்று பார்க்கத் தொடங்கினால், மடுவுக்கு இந்தியாவில் நெருங்கிய உறவு வேறோர் இடத்தில் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்தில், பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றில் தாமிரபரணிக் கரையோரம் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயில்தான் அது. ஆடி அமாவாசைக்கு அங்கே குடும்பம் குடும்பமாக வந்து காட்டுக்குள் குடில் போட்டுத் தங்குகிறார்கள். மடுவின் ஆவணித் திருவிழாவுக்கும் இதற்கும் பெரும்பாலும் சில வாரங்களே இடைவெளி.

மடுவின் வரலாறே சுமந்து சென்றவர்களின் வரலாறு. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670 அளவில், மன்னார்க் கரையோரம் மாந்தையில் இருந்த அன்னையின் திருச்சொரூபத்தை 20 குடும்பங்கள் காட்டுவழியே தூக்கிச் சென்று மருதமடுவில் வைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. 1924 ஜூலை 2ஆம் திகதி அந்தச் சொரூபத்துக்கு முடிசூட்டினார்கள். ஆடித் திருவிழா அந்த நாளில்தான் நடக்கிறது.

இனி, காட்டில் சுகமாகத் தங்குவது எப்படி என்பதற்கு வருகிறேன். மடுவில் கடையில் வாங்கிய நைலோன் கூடாரங்கள் இப்போது பெருகிவிட்டன. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் விரும்பிக் கொண்டுவருவதும் அதைத்தான். என் எண்ணத்தில் ஓகஸ்ட் மாத மடுவுக்கு அது பொருந்தாது. சூட்டை உள்ளே பிடித்து வைக்கும் பொருள் அது, பகல் பத்து மணிக்கு மேல் உள்ளே குழந்தையைக் கிடத்த முடியாது. நான்கு பக்கமும் திறந்த தறப்பாள் கூரையே இங்கு வசதி. சோளகம் தென்மேற்கிலிருந்து புழுதியோடு வீசும் காலம் என்பதால் அந்தப் பக்கத்து ஓரத்தைத் தாழ்த்தி இழுத்துக் கட்டவேண்டும், எதிர்ப்பக்கத்தை உயர்த்தவேண்டும். காற்று கூரைக்கு மேலால் போய்விடும், பின்நேர வெயிலும் மறையும். கட்டுமுன் மேலே பாருங்கள், காய்ந்த கொப்பு தொங்கும் மரத்தடியில் நிழல் எவ்வளவு இருந்தாலும் இடம் பிடிக்காதீர்கள். இரவில் பெண்களும் பிள்ளைகளும் படுக்க ஒரு மூலையைச் சேலையாலோ பாயாலோ மறைத்து, நுளம்பு வலையைக் கூரைக் கயிற்றிலேயே தொங்கவிட்டால் போதும்.

தண்ணீர்தான் மடுவின் பெரிய பாடு. வன்னியில் கோடை முற்றிய மாதம் அது. குழாயும் தாங்கியும் பவுசரும் இருந்தாலும் இலட்சக்கணக்கில் சனம் சேரும்போது வரிசை நீளும். குடிக்கும் தண்ணீருக்கு ஒரு கான், மற்றவற்றுக்கு வேறு கான் என்று முதல் நாளே பிரித்துவிடவேண்டும். சமையலிலும் தண்ணீரைப் பார்த்துச் செலவழிக்கிற சாப்பாடே நல்லது. சோறு, பருப்பு, சம்பல் என்றால் கழுவும் சட்டிகளும் குறையும். உணவைத் தரையில் வைத்தால் எறும்பு வரும், கயிற்றில் தொங்கவிட்டால் குரங்கு வரும். மூடி இறுகும் வாளிக்குள் வைத்து மேலே பாரம் ஏற்றுவதே வழி.

இரவில் வெறுங்காலோடு நடக்கவேண்டாம். மடு மண் பாம்புக் கடிக்கு மருந்து என்ற நம்பிக்கை பெரிது, வீட்டுக்கு ஒரு பிடி எடுத்துப்போகாதவர் குறைவு. அந்த நம்பிக்கையை மதிக்கிறேன். ஆனால் பாம்பு தீண்டினால் முதலில் ஓடவேண்டியது வைத்தியசாலைக்கு. சுற்றிலும் காட்டு யானை உலவும் பகுதி என்பதையும் மறக்கக்கூடாது. மடுவீதிக் காடு 2015இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது.

இதையெல்லாம் மன்னார் மக்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தறப்பாள் கட்டும் கைப்பழக்கத்தில் ஒரு பகுதி பக்தியால் வந்ததல்ல. 1990இலிருந்து மடு வளாகம் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு அகதி முகாமாக இருந்தது. 1999 நவம்பரில் அங்கே அடைக்கலம் தேடியிருந்தவர்கள் மீதே எறிகணை விழுந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2008இல் சொரூபமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய் அதே ஆண்டில் திரும்பியது. மன்னார்த் தீவிலிருந்து படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனவர்களுக்கு மண்டபம் முகாம். இன்று திருவிழாவுக்குத் தறப்பாள் கட்டுகிற நாற்பது வயதுக்காரர் பலர், பிள்ளைப் பருவத்தில் அதே மரங்களின் கீழே வேறு காரணத்துக்காகப் படுத்தவர்கள். அந்த மண்ணுக்கு விரும்பி, சமையல் சாமானோடும் சிரிப்போடும் திரும்பிப் போவதில் ஒரு பெரிய மீட்சி இருக்கிறது. நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து பஸ் பஸ்ஸாக வரும் சிங்களக் குடும்பங்களும் பக்கத்து மரத்தடியில்தான் அடுப்பு மூட்டுகின்றன. உப்பும் நெருப்புப் பெட்டியும் கைமாறும்.

தங்கும் விஷயத்தில் காரையாற்றில் கதை தலைகீழ். தென்மேற்குப் பருவக் காலத்தில் பொதிகைச் சாரல் விழும் இடம் அது, அருகிலேயே ஆறு ஓடுகிறது. அங்கே குடில் போடுகிறவர் நிழலைத் தேடுவதில்லை, மேட்டைத் தேடுகிறார். ஆற்றங்கரை மணல் மெத்தைபோல் இருந்தாலும், மேலே மழை பெய்தாலோ அணை திறந்தாலோ நீர் ஏறும் இடத்தில் படுக்கை விரிப்பது அறிவீனம். தரை ஈரமென்பதால் மேலே கட்டும் தறப்பாளைவிடக் கீழே விரிக்கும் தறப்பாள் முக்கியமாகிறது. மடுவில் பாய் போதும்.

ஆனால் இரண்டு இடங்களையும் உண்மையில் பிரிப்பது வாகனம். காரையாறு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. தங்கும் நாள்களை வனத்துறை எண்ணிக் கொடுக்கிறது. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கைத் தடுக்கிறது. அண்மை ஆண்டுகளில் திருவிழா நாள்களில் தனியார் வாகனங்களைக் கீழேயே நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் ஏறவைக்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. பேருந்தில் தூக்கி ஏற்றக்கூடியதுதான் அங்கே வீடு. மடுவிலோ வாகனம் தறப்பாளுக்குப் பக்கத்திலேயே நிற்கும், கொண்டுவருவதற்கு எல்லையில்லை. அதனால்தான் மடுவில் பாட்டிமாரும் கைக்குழந்தைகளும் ஒரு கிழமை சுகமாக இருக்க முடிகிறது. அதனால்தான் திருவிழா முடிந்த மறுநாள் காடெங்கும் பொலித்தீன் பையும் போத்தலும் கிடக்கின்றன. காரையாற்றுக் கட்டுப்பாட்டில் முதியவர்கள் சிரமப்படுகிறார்கள் என்ற குறை நியாயமானது. இருந்தும் பிளாஸ்டிக்கை மறிக்கும் அந்தச் சாவடியை மடு வீதிச் சந்தியில் பார்க்க ஆசைப்படுகிறேன்.

சுமையைக் குறைப்பதில் வேளாங்கண்ணி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஓகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை நடக்கும் விழாவுக்குக் காவி உடுத்து, தோளில் ஒரு பையோடு, சென்னையிலிருந்துகூட நடந்தே வருகிறார்கள். சமையல் பாத்திரம் கிடையாது, கூடாரம் கிடையாது. வழியெல்லாம் மோரும் சோறும் தருகிற கைகள் உண்டு, படுக்கக் கல்யாண மண்டபமோ பள்ளிக்கூடத் திண்ணையோ கிடைக்கும். போய்ச் சேர்ந்தபின் பந்தலிலோ கடற்கரை மணலிலோ உறக்கம். செப்டம்பர் தொடக்கத்தில் மாலை இடிமழை வரும் என்பதால் ஒரு சின்ன பிளாஸ்டிக் விரிப்பும் மாற்றுத் துணியும் பையில் இருந்தால் போதும். பணத்தையும் கைபேசியையும் தலைக்கு அடியில் அல்ல, உடம்போடு கட்டிக்கொண்டு படுக்கவேண்டும். மடுக்காரர் தம் வீட்டை நம்பிப் போகிறார், வேளாங்கண்ணி நடைப்பயணி வழியிலுள்ள மற்றவர் வீட்டை நம்பிப் போகிறார்.

கடல் கடந்து போகிறவர் கற்கவேண்டியது நடைப்பயணியிடம்தான். மன்னாரிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போவது ஒருகாலம் எளிது. 1914இல் தொடங்கிய தலைமன்னார்–தனுஷ்கோடிக் கப்பலில் ஏறினால் அக்கரையில் ரயில் காத்திருக்கும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரை ரயில் திரும்பி வந்துவிட்டது, கப்பல் வரவில்லை. இன்று தலைமன்னார்க்காரர் கண்ணெதிரே இருக்கும் கரைக்குப் போக முதலில் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ எதிர்த்திசையில் போகவேண்டும். தீவு மக்களுக்கு இது பெரிய அநியாயம்.

இருப்பதில் மலிவான வழியைப் பார்ப்போம். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போவது சுலபம். அங்குள்ள பலாலி விமான நிலையத்திலிருந்து 2019இல் சென்னைக்கு விமானம் தொடங்கியது, இடையில் நின்று 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும், 2025இல் அதன் திருச்சிச் சேவையும் சேர்ந்தன. டிக்கெட் விலையை மட்டும் பார்த்துச் சென்னையைத் தெரிவுசெய்வது பலர் விடும் பிழை. சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல், திருச்சியிலிருந்து ஏறத்தாழ அதில் பாதி. பேருந்துக் கட்டணம், வழிச் சாப்பாடு, தேவைப்பட்டால் ஓர் இரவு அறை வாடகை எல்லாவற்றையும் கூட்டினால், கொஞ்சம் கூடிய திருச்சி டிக்கெட்டே குடும்பத்துக்கு மலிவாக முடியலாம். காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பல் ஓடும் நாள்களில் அதுவும் நல்ல வழி. 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி வந்த சேவை அது. நாகப்பட்டினத்தில் இறங்கினால் வேளாங்கண்ணி பக்கத்தில். மாரிக் கடலில் மட்டும் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பலாலிக்கு வருவது சிறிய விமானம். கைப்பொதி 7 கிலோ என்றால் 7 கிலோதான், மேலதிகமான ஒவ்வொரு கிலோவுக்கும் விமான நிலையத்தில் வாங்கும் காசு, வீட்டிலிருந்தே முன்கூட்டிக் கட்டும் காசைவிடக் கூட. காஸ் கலன் எந்தப் பொதியிலும் போகாது. எண்ணெய் மணக்கும் பழைய அடுப்பையும் மறித்துவிடுவார்கள். கூடார முளைகளும் கத்தியும் பெரிய பொதிக்குள், பவர் பேங்க் கைப்பொதிக்குள். ஊர்க் கருவாட்டை உறவுக்குக் கொண்டுபோகிறவர்கள் மூன்று நான்கு பையில் இறுக்கிக் கட்டுங்கள், மற்றவர் உடுப்பு நாறாது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு சொல். ஐரோப்பா, கனடா பள்ளி விடுமுறையும் ஆவணித் திருவிழாவும் ஒன்றாக வருவதால் டிக்கெட் உச்சத்தில் நிற்கும் காலம் அது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இல்லாதவர்கள் ஆடித் திருவிழாவுக்கு ஜூன் கடைசியில் வந்தால் காசும் மிஞ்சும், சனநெரிசலும் குறைவு. சென்னை வந்து பலாலிக்கு வேறு டிக்கெட்டில் ஏறுவது மலிவாகத் தெரிந்தால், பொதியை வெளியே எடுத்து மறுபடி கொடுக்க இந்திய விசா வேண்டும் என்பதையும், முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இரண்டு மாதாவையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைப்பவர்களுக்குத் திகதிகள் வாய்ப்பாகவே இருக்கின்றன. ஆவணித் திருவிழா முடிந்து 14ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறுகிறது. கட்டுநாயக்கவில் இறங்கி, சென்னையிலிருந்து திரும்பி ஏறும் விதமாக டிக்கெட் போட்டால் கொழும்புக்குத் திரும்பும் செலவு இல்லை. இந்திய விசாவைப் புறப்படுமுன்னரே எடுத்துவிடுங்கள். மடுவுக்கு வேண்டிய தறப்பாளையும் பானையையும் மன்னாரிலுள்ள உறவினரிடமே இரவல் கேளுங்கள், அவர்கள் மகிழ்ந்து தருவார்கள். திருவிழா முடிந்ததும் காயவைத்து, புழுதி தட்டி, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தோள் பையோடு பலாலிக்குப் போங்கள்.