அரக்கும் மெலமைனும்

பழைய ஆலயத்தின் பிரசங்க பீடத்தையும் பெஞ்சுகளையும் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோகாமல், ஆசாரியை ஆலயத்துக்கே அழைத்து வேலை வாங்குவது நல்ல வழக்கம். நூறு வருடம் ஒரே இடத்தில் நின்ற தேக்கு அந்த இடத்தின் ஈரத்துக்கும் வெக்கைக்கும் பழகியிருக்கும். நாக்கும் துளையுமாகப் பொருத்திய மூட்டை ஒருமுறை தட்டிக் கழற்றினால் பழைய இறுக்கம் திரும்புவது அரிது. இடத்தைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. மேற்பரப்பில் நடப்பதும் அது நடக்கும் மாதமும்தான் கவலை தருகின்றன.

சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில், தாவீது சுந்தரானந்தம் 1799இல் உருவாக்கிய கிறிஸ்தவ ஊரான முதலூர் இருக்கிறது. தெற்கே இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல் 1847இல் தொடங்கிய ஆலயம் 1880இல்தான் பிரதிஷ்டை ஆனது. அத்தனை பொறுமையாகக் கட்டும் மரபு இருந்த மண்ணில், மரவேலை மட்டும் பண்டிகைக்கு முந்தின வாரங்களில் அவசரமாக முடிக்கப்படுகிறது. கிறிஸ்துமஸுக்குப் பளபளக்க வேண்டுமென்றால் பாலிஷ் கார்த்திகை மழையில் விழும். அரக்கைக் கரைத்திருக்கும் ஸ்பிரிட் சட்டென்று ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுக்கும். அரக்கு பாலிஷ் வெள்ளை பூத்துவிடும். ஆனி, ஆடியிலோ மேல்காற்று தேரியின் செம்மணலை அள்ளி வரும். காயாத பூச்சில் ஒட்டிய செம்மண் துகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால்தான் எடுக்க முடியும்.

பெரிய இழப்பு சாண்டிங் மிஷினால் வருகிறது. பிரசங்க பீடத்து விளிம்பில், தலைமுறை தலைமுறையாகக் கை பட்டு மழுங்கி, தேன் நிறத்தில் மின்னும் ஒரு சாண் மரம் இருக்கும். அதுவும், செதுக்கிய இலையின் கூர் நரம்பும் ஒரே பகலில் தூளாகிப் போகும். பழைய பெயிண்டில் ஈயம் இருந்தால் அந்தத் தூள் வேலை செய்பவரின் மூச்சுக்குள்ளும் இறங்கும். தேய்த்த மரத்தின்மேல் ஏற்றுவது பெரும்பாலும் மெலமைன் பூச்சு. அரக்கை நாளைக்கு ஸ்பிரிட்டால் கரைத்து எடுக்கலாம். இறுகிய மெலமைனைச் சுரண்டத்தான் வேண்டும். சுரண்டும் ஒவ்வொரு தடவையும் மரம் மெலிகிறது. இங்கிலாந்தில் ஆலயங்களை இப்படிச் சுரண்டிப் புதுப்பித்ததை எதிர்த்து வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் 1877இல் ஒரு சங்கமே தொடங்கினார்.

“ஆலயம் அருங்காட்சியகம் அல்லவே, ஜனங்கள் உட்கார்ந்து ஆராதிக்கும் இடம், அரக்கில் தண்ணீர் பட்டால் கறை விழும், வருடாவருடம் பாலிஷ் போட ஏது பணம்?” என்று சபையார் கேட்பது நியாயமான கேள்வி. அதனால் எல்லா மரத்துக்கும் ஒரே விதி வேண்டாம் என்கிறேன். தினம் தேயும் பெஞ்சுப் பலகைக்கு உறுதியான பூச்சு போடட்டும். கரையான் தின்ற காலை வெட்டி, வைரம் பாய்ந்த தேக்கால் ஒட்டுப்போடட்டும். செதுக்கு வேலையுள்ள பீடத்துக்கும் கதவுக்கும் அழுக்கை மட்டும் துடைத்து, மெல்லிய அரக்கோ மெழுகோ போதும். பளபளப்பும் பக்தியின் அடையாளம்தான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பீடத்தைச் செதுக்கிக் கொடுத்தவர்களின் பக்தி அந்த உளித்தடத்தில் இருக்கிறது. அதை அழித்துவிட்டு நம் பக்தியைக் காட்ட வேண்டியதில்லை.

சேகரக் கமிட்டியாரிடம் ஒரு வேண்டுகோள். வேலையைத் தை பிறந்த பிறகு, காய்ந்த நாட்களில் வையுங்கள். மிஷினைத் தொடுமுன், பெஞ்சின் அடிப்பக்கம் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். பூச்சு பிசுபிசுத்தால் அது அரக்கு. அதைச் சுரண்ட வேண்டாம்.