கட்டணக் கதவு

“கட்டணம் இவ்வளவு என்று அறிந்துதானே சேர்ந்தனர்? சேர்ந்தபின் கட்ட மறுப்பது எந்த ஊர் நியாயம்?”

சிதம்பரம் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 2020 டிசம்பரில் அறப்போர் தொடங்கியபோது இவ்வாறு கேட்டோர் உண்டு. இன்றும் எந்தக் கல்லூரியின் கட்டணம் பற்றிப் பேச்செழுந்தாலும் இதே வினாவை வீசுவோர் உளர். கேட்கும்போது நேர்மையாகத்தான் தோன்றும். உரசிப் பார்ப்போம், தோழர்களே!

1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதிச் சுழலில் சிக்கித் தத்தளித்தது. 2013-இல் தனிச் சட்டம் இயற்றி அதனை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதனோடு மருத்துவக் கல்லூரியும் அரசின் கைக்கு வந்தது. வராதது ஒன்றே ஒன்று: அரசுக் கட்டணம்! மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் அன்று ஆண்டுக்கு 13,610 ரூபாய், இங்கோ எம்.பி.பி.எஸ். மாணவரிடம் கேட்டது ஏறத்தாழ 5 இலட்சத்து 44 ஆயிரம். உடைமை மக்களுடையது, விலைப்பட்டியல் மட்டும் வணிகருடையது! என்னே விந்தை!

எமது வேப்பூரில் வெள்ளிதோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. பிள்ளையின் படிப்புக்கென ஆட்டை ஓட்டிவரும் தந்தையரை ஆசிரியராகிய நாம் அறிவோம். ஆடொன்று பத்தாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். 55 ஆடுகளை விற்றால் ஓராண்டுக் கட்டணம். அடுத்த ஆண்டுக்கு மேலும் 55. அத்தனை ஆடுகளுக்கு உரியவர் வெயிலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டார். அரசுக் கட்டணமெனில் இரண்டு ஆடுகள் போதும்; எஞ்சியதில் புத்தகமும் வாங்கலாம்.

மாணவர்கள் 50 நாட்களுக்கு மேல் போராடினர். கல்லூரியை மூடினர், விடுதியைக் காலி செய்க என்றனர், மாணவர் அசையவில்லை. அரசுக் கல்லூரிகளுக்குரிய கட்டணமே இங்கும் என்ற ஆணை 2021 பிப்ரவரியில் பிறந்தது.

அந்த ஆணைக்கு முன்னும் பின்னும் கட்டடம் அதுவே, ஆசிரியர் அவர்களே, நோயாளர் படுக்கையும் அதுவே. மருத்துவம் கற்பிக்கும் செலவு ஒரே இரவில் நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்கிற்றா? இல்லை! சுருங்கியது மாணவர் தோளில் ஏற்றிய சுமை. “செலவாகிறது, ஆகவே கேட்கிறோம்” என்று ஆண்டுக்கணக்கில் கூறியது என்னாயிற்று? செலவை யார் சுமப்பது என்று ஆள்வோர் எடுக்கும் முடிவுக்குத்தான் கட்டணம் என்று பெயர். அம்முடிவை எதிர்த்து வினவுவோரை ஒப்பந்தம் மீறியோர் என்பது எவ்வாறு பொருந்தும்?

அறிந்துதானே சேர்ந்தனர் என்கிறீர்களே, அறிந்ததனால் சேராதவர்களை என் செய்வது? அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் தரும் சட்டம் வந்த அதே 2020-இல், தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் பணம் இல்லாமையால் அதனைக் கைவிட்ட பிள்ளைகள் உண்டு. அதன் பின்னரே அவர்கள் கட்டணத்தை அரசு ஏற்க முன்வந்தது. மதிப்பெண் திறந்த கதவைக் கட்டணம் சாத்தியது. பெயர் மட்டும் ‘தகுதிவழிச் சேர்க்கை’!

தனியார் கல்லூரிகள் கொள்ளை இலாபம் தேடலாகாது, ஆயினும் நியாயமான உபரி ஈட்டலாம் என்று 2002-இல் உச்சநீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் அமர்வு கூறிற்று. தராசு விற்பவர் கையில் இருக்கையில் நியாயத்தின் எடை என்னவாகும் என்பதைச் சந்தைக்குச் சென்று வந்தோர் அறிவர்.

வங்கிக் கடன் இருக்கிறதே என்பார் இன்னொருவர். கடன் கட்டணத்தைக் குறைப்பதில்லை. அதன்மேல் வட்டியை ஏற்றுகிறது. இருபது இலட்சத்துக்கு மேல் கடன் சுமந்து வெளிவரும் இளம் மருத்துவர், எமது ஊர்ப்புறச் சுகாதார நிலையத்திற்கு வருவாரா, பெருநகர மருத்துவமனையின் படியேறுவாரா? அவரைக் குறைகூற எமக்கு மனமில்லை.

2021 ஆணை உள்ளே இருந்தோரைக் காத்தது. இனி வருவோர்க்கும் வழிவிட்டது. மகிழ்கிறோம். ஆனால் 2013 முதல் அதுவரை, கலந்தாய்வில் இக்கல்லூரியின் கட்டணத்தைக் கண்டு அடுத்த வரிக்குத் தாவியவர்கள்? அவர்களுள் மூத்தோர் இன்று முப்பதை எட்டியிருப்பர். போராட்டப் பந்தலில் அமர அவர்களுக்கு இடமில்லை, ஏனெனில் அவர்கள் மாணவரே ஆகவில்லை. எந்தப் பதிவேட்டில் அவர்கள் பெயரைத் தேடுவது?