குழிக்கு மேலே நிற்கிற கேமரா

தை பிறந்தால் சல்லிக்கட்டுக்காக அவனியாபுரத்தில் கேமராக்கள் வந்து குவிகின்றன. திமில், புழுதி, பாயும் கை. நீளமான லென்சு இருந்தால் மேடையிலிருந்தே எடுத்துவிடலாம். அதே அவனியாபுரத்தின் வெள்ளைக்கல்லில் மதுரை மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு இருக்கிறது, கழிவுநீர் நிலையம் இருக்கிறது. அங்கே எத்தனை கேமரா போகிறது?

போகிற கேமராவும் எங்கே நிற்கிறது என்று பார்க்கணும். மலக்குழிப் படங்கள் பலவும் மேலேயிருந்து எடுத்தவை. சகதி பூசிய உடம்பு. முகம் கிடையாது, பேர் கிடையாது. அதையே கறுப்பு வெள்ளையாக்கிச் சட்டம் போட்டு மாட்டினால் உன்னதக் கலை. பார்க்கிறவருக்கு இரக்கம் வரும். இறக்கிவிட்டவன் யாருங்கிற கேள்வி வராது. 1993லும் 2013லும் சட்டம் போட்டுத் தடுத்த வேலை இது. குற்றவாளி மட்டும் படத்துக்கு வெளியே பத்திரமா நிற்கிறான்.

மதுரைக்காரரான பழனி குமாரின் படங்கள் இங்கேதான் முக்கியமாகின்றன. திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். ‘பாரி’ என்கிற கிராமப்புற மக்கள் காப்பகத்துக்காகப் படமெடுப்பவர். 2022இல் தயானிதா சிங் - பாரி விருதை முதலில் பெற்றவர். அவர் கேமரா குழியோடு திரும்பிவிடுவதில்லை. செத்தவர் வீட்டுக்குப் போகிறது. மிச்சமிருக்கிற பெண்களையும் பிள்ளைகளையும் பார்க்கிறது. ராமநாதபுரம் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்களை அவர்களோடு கடலுக்குள் போய் எடுத்திருக்கிறார்.

“துயரத்தை இவ்வளவு அழகா எடுக்கலாமா?” என்கிறார்கள் சிலர். உழைக்கிறவர் முகத்தில் அழகு இருக்கக் கூடாதென்று விதித்தது யார்? ஆனால் இன்னொரு கேள்வி எந்தக் கலைஞரையும் விடாது: படம் காட்சிக்கூடத்தில் தொங்கும்போது, படத்தில் இருக்கிறவருக்கு என்ன கிடைத்தது? இதற்கு விருது பதிலாகாது. உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழனி குமார் படமெடுக்கக் கற்றுத்தருகிறார். அப்பா அம்மாவின் வேலையை அந்தப் பிள்ளைகளே எடுக்கிறார்கள். நான் பதிலென்று மதிப்பது இதைத்தான். கேமரா கை மாறணும்.

கேமரா வாங்க நினைக்கிற தம்பி தங்கச்சிகளே, நீள லென்சுக்கு ஆசைப்படாதீங்க. கைமாறி வந்த பழைய கேமராவும் ஒரு 35 மி.மீ. லென்சும் போதும். கிட்டப் போனாத்தான் முகம் பெருசா விழும். கிட்டப் போகணும்னா பேசணும், சம்மதம் கேட்கணும். இன்னொன்று. வெளுத்த வானத்துக்கு முன்னால் ஆளை நிறுத்தினால் கேமரா தானே போடுகிற கணக்கு வானத்தைக் காப்பாற்றும், கறுத்த முகத்தை இருட்டாக்கும். அந்தக் கணக்கை நம்பாதீங்க. ஒளியைக் கூட்டி வையுங்க. வானம் வெளிறினால் வெளிறட்டும். நம்ம சனத்தின் முகம் தெரியணும்.